சப்பென்று ஒரு மீன்

எங்கள் வீட்டில் மீன்களுக்கு ஒரு சீனியாரிட்டி லிஸ்ட் உண்டு. முதலிடம் வஞ்சிரம். விருந்தாளி வந்தால் அதுதான். அடுத்து வவ்வால், கொடுவா, சங்கரா. மாதக் கடைசியில் காணாங்கெளுத்தி, கவலை. நெத்திலிக்கு லிஸ்ட்டில் இடமில்லை என்றாலும் செல்வாக்கு உண்டு, மந்திரியின் பி.ஏ. மாதிரி. எல்லாவற்றுக்கும் கடைசியில், ரிட்டயர் ஆகும்வரை பிரமோஷன் கிடைக்காத குமாஸ்தா போல, ஒரு மீன் நின்றுகொண்டிருந்தது. கிழங்கான்.

"அதெல்லாம் காய்ச்சக்காரன் திங்கற மீன் மாப்பிள்ளை. பிள்ளை பெத்தவளுக்கும் பேதி ஆனவனுக்கும் குடுக்கறது. நமக்கெதுக்கு?" என்பார் என் மாமனார்.

மாமனார் சாதாரண ஆள் இல்லை. நாகப்பட்டினத்துக்காரர். ரயில்வேயில் கார்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். குழம்பு கொதிக்கிற வாசனையை வைத்தே மிளகாய் குண்டூரா, ராமநாதபுரம் முண்டா என்று வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிடுவார். 2019-ல் மாமியார் தவறிய பிறகு சென்னையில் எங்களோடுதான் இருக்கிறார். மகள் சமையலை அவர் இதுவரை பாராட்டியதில்லை. குறை சொல்வார். குறை சொல்லிக்கொண்டே மூன்றாவது தடவை சோறு வாங்குவார். அது ஒரு ஏற்பாடு. எல்லோருக்கும் சௌகரியமாகத்தான் இருந்தது.

போன வருஷம் மார்ச்சில் அவருக்கு நிமோனியா வந்தது. பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரி. திரும்பி வந்தபோது எட்டு கிலோவை அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தார். கூடவே நாக்கையும்.

"எல்லாம் மண்ணு மாதிரி இருக்கு மாப்பிள்ளை" என்றார்.

இட்லி மண். கஞ்சி மண். ரசம், ஈர மண். நாலு வாய்க்கு மேல் இறங்கவில்லை. அதைவிடப் பயமாக இருந்தது வேறு ஒன்று. குறை சொல்வதை நிறுத்திவிட்டார். "போதும்மா" என்று தட்டைத் தள்ளிவிட்டுப் படுத்துவிடுவார். என் மனைவி சமையலறையில் நின்று அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். "புரோட்டீன் உள்ளே போயாகணும். முட்டை, மீன், எதுவோ ஒண்ணு. காரம், எண்ணெய் வேண்டாம். இப்படியே இளைச்சுக்கிட்டுப் போனா மறுபடி அட்மிட் பண்ணி ட்யூப் போட்டுத்தான் குடுக்கணும்."

முட்டை என்றாலே அவருக்குக் குமட்டியது. மீதி மீன்.

கல்லூரியில் படிக்கும் என் பையன் உடனே ஐடியா கொடுத்தான். "ரொம்ப சிம்பிள்ப்பா. பாசா வாங்கிடுங்க. முள்ளே கிடையாது."

"பாசமா? அது எங்கடா விக்குது?" என்றார் மாமனார். காதும் கொஞ்சம் மந்தம்.

"பாசா, தாத்தா! ஓட்டல்ல ஃபிஷ் ஃபிங்கர்னு குடுக்கறாங்களே, பாதி அதான்."

சூப்பர் மார்க்கெட்டில் உறைந்து போய்க் கிடந்ததை வாங்கி வந்தேன். சலவையிலிருந்து வந்த வேட்டி போல வெள்ளை வெளேர். தலை இல்லை, வால் இல்லை, தோல் இல்லை, முள் இல்லை. கொஞ்சம் உப்பு, மிளகு போட்டு ஆவியில் வேகவைத்துக் கொடுத்தோம். மாமனார் ஒரு துண்டை வாயில் போட்டு நெடுநேரம் யோசித்தார்.

"மாப்பிள்ளை, இது மீன்னு யாரு சொன்னா?"

"பாக்கெட்ல போட்டிருக்கு மாமா."

"அப்ப அந்தப் பாக்கெட்டைக் குடுங்க, தின்னு பார்ப்போம்."

பாவம், பாசாவை நான் பழிக்கவில்லை. மீகாங் நதிப் பக்கத்து ஜீவன். வியட்நாமில் பண்ணை வைத்து வளர்த்து உலகம் பூராவும் அனுப்புகிறார்கள். ஆந்திராவிலும் அதன் நெருங்கிய உறவுக்காரனைக் குளம் குளமாக வளர்க்கிறார்கள். விலை மலிவு, முள் பயமில்லை, குழந்தைகள் சாப்பிடும். இது தங்கள் ஊர் மீனின் வியாபாரத்தைக் கெடுக்கிறதென்று அமெரிக்காக்காரர்கள் 2002-ல் சட்டமே போட்டார்கள், கேட்ஃபிஷ் என்ற பெயரில் இதை விற்கக் கூடாதென்று. அவ்வளவு பெரிய மனிதர்களைக் கலங்கடித்த மீன். ஆனால் உறையவைத்து, உருகவைத்து, மறுபடி உறையவைத்து எங்கள் தெரு சூப்பர் மார்க்கெட்டுக்கு வந்து சேர்வதற்குள் அதற்குத் தன் பேரே மறந்துபோயிருக்கும். ருசியை எங்கே ஞாபகம் வைத்துக்கொள்வது?

ஞாயிற்றுக்கிழமை நானே மீன் மார்க்கெட்டுக்குப் போனேன். (நான் மீன் வாங்கப் போவது எங்கள் வீட்டில் தடைசெய்யப்பட்டிருக்கிறது. அன்றைக்கு விசேஷ அனுமதி.) வழக்கமாக வாங்கும் ஆயா, அறுபது வயசுக்கு மேல் இருக்கும், பெரிய வட்டப் பொட்டு.

"இன்னா சார், பெரியவரு ஆஸ்பத்திரிலேர்ந்து வந்துட்டாரா? ஊட்டம்மா சொல்லிச்சு."

"வந்துட்டார். சாப்பிடத்தான் மாட்டேங்கறார். நல்ல வஞ்சிரமா ஒண்ணு குடுங்க ஆயா."

"வஞ்சிரம் ஐஸ்ல கெடந்து வந்தது சார். ஒனுக்கு வோணும்னா தர்றேன். அவுருக்குத் தரமாட்டேன்."

அது ஏப்ரல் கடைசி. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை, 61 நாள், இந்தக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் குஞ்சு பொரிக்கும் காலம். சின்ன ஃபைபர் படகுகள் மட்டும் கரையோரமாகப் போய்விட்டு வரும். அதில் வருவதுதான் அன்றன்றைய மீன். கரையோர மணலில் வாழும் கிழங்கானுக்கு இந்த இரண்டு மாசமும் சீனியாரிட்டியே மாறிவிடும்.

"கெயங்கா எட்துனு போ. நோவு கண்ட ஒடம்புக்கு அதான்."

"அது சப்புனு இருக்குமே ஆயா?"

ஆயா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "மீனு சப்புனு இருக்காது சார். ஆக்கறவங்க சப்புனு ஆக்குவாங்க."

பிறகு ஒரு மீனைத் தலைப் பக்கம் பிடித்துக் கிடையாக நீட்டினாள். சாண் நீளம், விரல் பருமனுக்குக் கொஞ்சம் மேலே, வெள்ளி முலாம் பூசின மாதிரி. விறைப்பாக நின்றது. "வெரப்பா நிக்குதா? தொங்குச்சுன்னா வாங்காத. என் கைல இருந்தாலும் வாங்காத." செவுளைத் திறந்து சிவப்பைக் காட்டினாள். மோந்து பார்க்கச் சொன்னாள். மீன் நாற்றமே இல்லை. கடற்கரையில் காலையில் நின்றால் வருமே, அந்த உப்புக் காற்று வாசனைதான் இருந்தது. அரை கிலோ வாங்கினேன். ஒன்பது மீன். செதிலை வாலிலிருந்து தலைப் பக்கமாகச் சுரண்டி, தலை எடுத்து, வயிற்றைக் கீறிச் சுத்தம் பண்ணிக் கொடுத்தாள். உள்ளே ஒட்டியிருக்கும் கறுப்புச் சவ்வைக் கல் உப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவச் சொன்னாள், இல்லாவிட்டால் கசக்குமாம்.

இவ்வளவு படித்துக்கொண்டு வந்து என்ன பிரயோஜனம்? என் மனைவி பழக்க தோஷத்தில் வஞ்சிரத்துக்கு வைக்கும் குழம்பையே வைத்துவிட்டாள். மிளகாய்த் தூளைப் பாதியாகக் குறைத்தாள், அவ்வளவுதான். புளியும் மல்லித் தூளும் தக்காளியும் வழக்கம்போல. மசாலா பிடிக்கட்டும் என்று இருபது நிமிஷம் கொதிக்கவிட்டாள். மூடியைத் திறந்தால் ஒன்பது மீனையும் காணவில்லை. முள் மட்டும் மிதந்தது.

மாமனார் இரண்டு வாய் சாப்பிட்டார். "கொழம்பு நல்லாருக்கும்மா. மீன்தான் முந்தின ஸ்டேஷன்லயே எறங்கிடுச்சு போல."

பழைய மாமனார் ஒரு நிமிஷம் எட்டிப் பார்த்ததுபோல் இருந்தது. சந்தோஷப்படுவதற்குள் தட்டைத் தள்ளிவிட்டார். அன்று ராத்திரி நாங்கள் பார்க்காதபோது மோர் மிளகாய் டப்பாவைத் திறந்து மூன்றை மென்றிருக்கிறார். "நாக்குல ஏதாவது தெரியுதான்னு பார்த்தேன்" என்றார் அப்புறம். புரையேறி, அந்த நெஞ்சோடு அவர் இருமின இருமல் நிற்கப் பத்து நிமிஷமாயிற்று. மனைவி அவர் முதுகைத் தடவிக்கொண்டே அழுதாள்.

இந்த இடத்தில் ஒரு சின்ன டைவர்ஷன். தூக்கம் வராமல் அன்றைக்குப் புத்தகங்களைப் புரட்டியதில் தெரிந்துகொண்டது.

காரம் ஒரு ருசியே இல்லை. இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு எல்லாம் ருசி. காரம் என்பது, சூடு பட்டால் "ஐயோ" என்று கத்துகிற நரம்பை மிளகாய் போய்க் கிள்ளிவிடுவது. அவ்வளவுதான். அது எந்த இடத்தில் கிள்ளுகிறது என்று கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ஜுரத்தில் ருசி போனவருக்கும் மூக்கு அடைத்தவருக்கும்கூடக் காரம் உறைக்கும், அது வலிதானே. அதனால்தான் நாக்கு செத்தவர்கள் மேலும் மேலும் மிளகாய் கேட்கிறார்கள். ருசி தெரிவதுபோல ஒரு பிரமை.

அடுத்தது, மீன் ஏன் வெள்ளை? சூரை, காணாங்கெளுத்தி எல்லாம் நாள் முழுக்க நீந்துகிற ஜாதி. ஓயாமல் உழைக்கும் தசைக்கு ஆக்ஸிஜன் சேமித்துவைக்க ஒரு சிவப்புச் சரக்கு வேண்டும். அதனால் கறுத்த சதை, கொழுப்பு, அழுத்தமான வாசனை. கிழங்கான் மணல் தரையில் புழுவும் சின்ன இறாலும் பொறுக்கித் தின்றுகொண்டு, ஆபத்து என்றால் மணலுக்குள் புதைந்துகொள்ளும் சுபாவம். சர்க்கார் ஆபீஸ் மாதிரி நிதானமான வாழ்க்கை. சதை வெள்ளை, கொழுப்பு குறைவு, வாசனை குறைவு. லேசான தித்திப்பு மட்டும்தான் அதன் சொத்து. மேலே புளியைக் கரைத்து ஊற்றினால் சொத்து முழுகிப்போகும். அதோடு ஆட்டுக் கறி போல மீனை வேகவைத்து மிருதுவாக்க வேண்டியதில்லை. அது முதலிலிருந்தே மிருதுதான். அறுபது டிகிரி சூட்டிலேயே வெந்துவிடும். அதற்குமேல் கொதிக்கவிடுவது நம் திருப்திக்கு.

வஞ்சிரம் நேற்றையதாக இருந்தால் மசாலா காப்பாற்றிவிடும். கிழங்கான் நேற்றையதாக இருந்தால் ஊருக்கே சொல்லிவிடும். இந்த மீனை நம்மவர்கள் ஒதுக்கியதற்கு அதுதான் காரணமோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

மற்ற ஊர்களில் இதற்கு இப்படி மரியாதைக் குறைவு கிடையாது. மங்களூரில் இதே மீனுக்குக் காணே என்று பேர். ரவையில் புரட்டி வறுத்துத் தருவார்கள். அதற்காகவே அந்த ஊருக்கு ரயில் ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். ஜப்பானில் இதன் ஒன்றுவிட்ட சகோதரன் பேர் கிசு. மெல்லிய மாவில் தோய்த்து டெம்புரா போடுவதற்கு அவர்கள் பொறுக்கி எடுக்கும் மீன்களில் ஒன்று. வெள்ளைக்காரன் வந்து பார்த்து, தன் ஊர் வைட்டிங் மீன் ஞாபகம் வந்து, இதற்கும் அந்தப் பேரையே வைத்துவிட்டான். இரண்டுக்கும் சொந்தமில்லை. ஆனால் பாருங்கள், இங்கிலாந்திலும் அந்த வைட்டிங் நோயாளிகளுக்குக் கொடுக்கிற மீன்தான்! பிரான்ஸில் அதற்கு மெர்லான் என்று பேர். ஒரு காலத்தில் அங்கே முடி திருத்துகிறவர்களுக்கும் மெர்லான் என்றே பட்டப்பேர். டோப்பாவுக்குப் பவுடர் அடித்து அடித்து, வறுக்குமுன் மாவில் புரட்டின மீன் போலவே இருப்பார்களாம்.

டைவர்ஷன் முடிந்தது. காலையில் மனைவி காபி கொடுக்கும்போது, "அம்மா எங்களுக்குக் காய்ச்சல் வந்தா கிழங்கான்ல ஒரு கொழம்பு வைப்பாங்க. மஞ்சளா இருக்கும். புளி கிடையாது" என்றாள்.

"எப்படி வைப்பாங்க?"

"எனக்குத்தான் காய்ச்சலாச்சே. நான் எப்படிப் பார்த்திருப்பேன்?"

நியாயம். மாமியார் எதையும் எழுதிவைத்தவரில்லை. நாகப்பட்டினத்தில் இருக்கும் அவருடைய அக்காவுக்கு, அதாவது மனைவியின் பெரியம்மாவுக்கு, போன் போட்டேன். எண்பது வயசு. கணீரென்று பேசுவார்.

"தேங்காப்பால் கொழம்பா? அதுல என்ன இருக்கு மாப்பிள்ளை, சும்மா வைக்கறதுதானே."

"அந்தச் சும்மாவைக் கொஞ்சம் சொல்லுங்க பெரியம்மா, எழுதிக்கறேன்."

"எழுதறீங்களா?" குரலில் ஒரு மரியாதை ஏறியது. "ஒரு மூடித் தேங்கா. மொதப் பால் தனியா, ரெண்டாம் பால் தனியா."

"எவ்வளவு தண்ணி விட்டு?"

"விடற அளவு."

"மஞ்சள்தூள்?"

"கண்ணுக்கு மஞ்சளாத் தெரியணும். காமாலை மாதிரி தெரியப்படாது."

இப்படியே அரை மணி நேரம். அளவுகளை நானாகக் கணக்குப் போட்டு எழுதிக்கொண்டது இது. ரெண்டாம் பாலில் பத்து சின்ன வெங்காயம், கீறின பச்சை மிளகாய் நாலு (நோயாளிக்கு ஒன்று), பூண்டு ரெண்டு பல், ஒரு சிட்டிகை வெந்தயம், கறிவேப்பிலை, மஞ்சள்தூள். வெங்காயம் வேகும்வரை கொதிக்கலாம். புளிப்புக்கு ரெண்டு கீற்று மாங்காய். பிறகு அடுப்பைத் தணித்து, உப்பிட்டு, மீனைப் பக்கம் பக்கமாகப் படுக்கவைக்க வேண்டும். ஐந்தே நிமிஷம். முதல் பாலை விட்டு, ஓரத்தில் நுரை கட்டும்போதே இறக்கிவிட வேண்டும், கொதித்தால் திரிந்துபோகும். யாழ்ப்பாணத்துக்காரர்கள் பார்த்தால் இதைச் சொதி என்பார்கள், மாங்காய்க்குப் பதில் இறக்கினபின் எலுமிச்சம்பழம் பிழிவார்கள்.

"முக்கியமானது ஒண்ணு" என்றார் பெரியம்மா. "மீனைப் போட்ட பொறவு கரண்டி படப்படாது. சட்டிய ரெண்டு கையால புடிச்சு ஒரு சுத்து சுத்தி வுடணும். ஒங்க மாமியா அப்படித்தான். கரண்டிய எடுத்து வெளிலயே வச்சுருவா, ஞாபகமறதியாப் போட்டுரக்கூடாதுன்னு."

இதைச் சொன்னபோது அவர் குரல் கொஞ்சம் கம்மியது. நானும் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "பொம்பளைப் புள்ளைய வச்சுக்கிட்டு நீங்க ஏன் எழுதறீங்க?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

ஆயாவிடம் மறுபடி அரை கிலோ. எட்டு மீன். இந்தத் தடவை நானே ஒவ்வொன்றையும் நீட்டிப் பார்த்தேன். ஒன்று தொங்கியது. எடுத்துத் தனியே வைத்தேன். ஆயா சிரித்துக்கொண்டே மாற்றிக் கொடுத்தாள்.

மனைவி வைத்தாள். நான் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கரண்டியைக் கூடத்துக்கே கொண்டுபோய்விட்டேன். அவள் இரண்டு துணியால் சட்டியைப் பிடித்துச் சுழற்றினபோது மீன் ஒன்றுகூட உடையவில்லை. மஞ்சள் பாலில் வெள்ளிக் கம்பி போலக் கிடந்தது.

குழைந்த சோற்றில் இரண்டு கரண்டி ஊற்றி, ஒரே ஒரு மீன் வைத்துக் கொடுத்தாள். மாமனார் தட்டைப் பார்த்தார். வாசனை பிடித்தாரா, நிறத்தைப் பார்த்தாரா தெரியவில்லை. மகளை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்.

கிழங்கான் முள் சொல்பேச்சு கேட்கும். நடு முள்ளை வால் பக்கத்திலிருந்து தூக்கினால் சீப்பு மாதிரி ஒட்டுமொத்தமாக வந்துவிடும். அதைத் தட்டின் ஓரத்தில் வைத்தார். நாங்கள் மூன்று பேரும் டி.வி. பார்ப்பதுபோல டி.வி.யைப் பார்த்துக்கொண்டிருந்தோம். டி.வி. போடவே இல்லை என்பதைப் பையன்தான் அப்புறம் சொன்னான்.

கொஞ்ச நேரம் கழித்து ஓரக்கண்ணால் பார்த்தேன். தட்டின் ஓரத்தில் மூன்று சீப்பு இருந்தது.

"உப்பு ஒரு கல்லு கம்மி" என்றார் மாமனார்.

என் மனைவி சமையலறைக்கு ஓடினாள். உப்பு எடுக்க இல்லை. உள்ளேயிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"ஏன் மாப்பிள்ளை, தேங்கா கொஞ்சம் எளசா இருந்திருக்கலாம். மாங்கா புளிப்பு பத்தலை. இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொல்லுங்க."

அதற்கப்புறம் ஒரே நாளில் எழுந்து ஓடிவிட்டார் என்று எழுதினால் ஆயாவே நம்பமாட்டாள். ஒருநாள் மூன்று மீன், ஒருநாள் ஒன்று, ஒருநாள் ஒன்றுமே வேண்டாம். நடுவில் ஒரு வாரம் மறுபடி ஜுரம். ஆனால் ட்யூப் போடவேண்டி வரவில்லை. ஜூன் மாசம் டாக்டரிடம் போனபோது மூன்று கிலோ ஏறியிருந்தார். தடைக்காலம் முடிந்து வஞ்சிரம் வந்துவிட்ட பிறகும் நான் கிழங்கானே கேட்பதைப் பார்த்து ஆயா விலையில் ஐம்பது ரூபாய் ஏற்றிவிட்டாள். பேரம் பேசவில்லை.

இப்போது வேறு கவலை. "நாக்கு திரும்பிடுச்சும்மா. ஒருநாள் வஞ்சிரத்தை நல்லா மொளகாப்பொடி போட்டு வறுத்துக் குடேன்" என்று தினம் ஆரம்பிக்கிறார். டாக்டர் இன்னும் அனுமதிக்கவில்லை. மனைவி மிளகாய்த் தூள் டப்பாவை, மோர் மிளகாயோடு சேர்த்து, மேல் பரணில் ஏற்றிவைத்துவிட்டாள். நேற்று சாயந்திரம் ஆபீஸிலிருந்து வந்து பார்க்கிறேன், கூடத்தில் இருந்த ஸ்டூல் சமையலறையில் இருக்கிறது.